குமரி மலைக்காட்டைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். பேச்சிப்பாறை அணைக்கும் திற்பரப்பு அருவிக்கும் போகிற வழியில் வீடு. அதனால் பள்ளிக்கு லீவு விட்டதும் சென்னை, மதுரை, துபாய் என்று எங்கிருந்தாவது போன் வந்துவிடும். சித்தப்பா மகன், கூடப் படித்தவன், அவன் மச்சான், மச்சானின் ஆபீஸ் நண்பர் என்று ஆள் மாறுமே தவிர கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய், கேட்கப்பட்டவற்றை அப்படியே எழுதிவைத்தேன். இப்போது யாராவது கேட்டால் இதை அனுப்பிவிட்டு, மிச்சம் ஏதாவது இருந்தால் பேசுகிறேன்.

கன்னியாகுமரியில நேஷனல் பார்க் இருக்குன்னு சொல்றாங்களே, எங்க இருக்கு?

தேசியப் பூங்கா இங்கே இல்லை. தமிழ்நாட்டில் மொத்தம் ஐந்துதான் உண்டு: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. எங்கள் மாவட்டத்தில் இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். சுமார் 400 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700-ஐத் தொடாது என்பதால், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரிய உதயத்தையும் வள்ளுவர் சிலையையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடம் இது. வடகிழக்கில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் வடமேற்கில் கேரளத்தின் நெய்யாறு சரணாலயமும் ஒட்டியிருக்கின்றன. எல்லைக்கல் நமக்குத்தான். யானைக்கு எல்லாம் ஒரே காடு.

சரணாலயம், தேசியப் பூங்கா, ரெண்டும் காடுதானே? பேருதானே வேற?

பேர் மட்டும் வேறு இல்லை. இரண்டும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் கிடையாது, தனியார் உரிமை எதுவும் மிஞ்சக்கூடாது. சரணாலயத்தில் ஏற்கெனவே இருந்த சில உரிமைகள் தொடர இடம் உண்டு. காட்டை ஒட்டியும் நடுவிலுமாக இங்கே ரப்பர்த் தோட்டம், கிராம்புத் தோட்டம், மின்வாரியக் குடியிருப்பு, மலைப் பழங்குடிகளான காணிக்காரர் குடியிருப்பு எல்லாம் இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். காடும் ஊரும் கலந்து கிடக்கிற மாவட்டம் இது.

சுற்றுலா வருகிறவருக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். இரண்டிலும் அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம்.

கன்னியாகுமரி ஸ்டேஷன்ல இறங்கினா நடந்து போயிரலாமா?

முடியாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கே இருப்பது கடல். மலைக்கு நாகர்கோவில் வந்துதான் பிரியவேண்டும். பொதுவாக இரண்டு வாசல் என்று சொல்வேன். ஒன்று பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை, காளிகேசம். இன்னொன்று தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை, கோதையாறு. இரண்டு பக்கமும் அரசுப் பேருந்து ஓடுகிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு. திரும்புகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது.

சஃபாரி ஜீப் இருக்கா? யானைச் சவாரி?

இரண்டும் இல்லை. முதுமலைக்குப் போய்வந்தவர்கள் அதே நினைப்பில் கேட்கிறார்கள். அங்கே வண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் ஒரு சுற்று கூட்டிப்போவார்கள், சமவெளியான இலையுதிர் காடு என்பதால் மானும் காட்டெருமையும் தூரத்திலேயே தெரியும். இங்கே அடர்ந்த மலைக்காடு. பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது, வாசனைதான் வரும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிருகம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ போங்கள். குமரி மாவட்டத்தில் காட்டின் ஓரத்தில் நின்றுதான் பார்க்கவேண்டும். அந்த ஓரம் எவ்வளவு பெரியது என்பது வந்தால் தெரியும்.

அப்ப உள்ள என்னென்ன மிருகம் இருக்கு?

யானை, புலி, சிறுத்தை, கரடி, காட்டெருமை எல்லாம் உண்டு. கடமானை எங்கள் பக்கத்தில் மிளா என்போம். யாராவது "மிளா குறுக்கே ஓடிச்சு" என்றால் மிளகாயைச் சொல்வதாக நினைக்கவேண்டாம். மரத்தில் மலை அணில், சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, மலை இருவாச்சி. சிங்கவால் குரங்கு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் வாழ்கிறது. அதன் தெற்கு எல்லை, அசம்பு மலை எனப்படும் எங்கள் மலைதான். வெடிப்பலா மரம் காய்க்கிற காலத்தில் அதன் மேலேயே குடியிருக்கும்.

வரையாட்டுக்கும் தெற்கு எல்லை இதுதான். சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதைத்தான் என்பார்கள். வரை என்றாலே மலை. செங்குத்தான பாறை முகமும் அதன் தலையில் புல்வெளியும் இருக்கிற உயரத்தில்தான் நிற்கும். மகேந்திரகிரிப் பக்கம் 1,600 மீட்டருக்கு மேல் எழும்புகிற மலை அது, அங்கே நாம் போகமுடியாது. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், ஆனாலும் வரையாட்டை முதலில் பார்த்தது மூணாற்றில்.

நீங்கள் பார்க்க வாய்ப்புள்ளவை எவை என்று கேட்டால்: நாட்டுக்குரங்கு நிச்சயம். மலை அணில், அதிகாலையில் காளிகேசம் சாலையில் பொறுமையாக மேலே பார்த்து நடந்தால். இருவாச்சி, அதிர்ஷ்டம் இருந்தால். அது பறக்கும்போது சிறகு அடிக்கிற சத்தம் பழைய நீராவி இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், கேட்டதும் தலையைத் தூக்குங்கள். யானையைப் பொறுத்தவரை அதன் சாணம்தான் கிடைக்கும், பெரும்பாலும் சாலை நடுவிலேயே.

எந்த மாசம் வந்தா நல்லது?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இந்த இரண்டிலும் அருவி நன்றாக இருக்கும், ஆனால் வழி மூடப்படலாம். மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீ பயம் காரணமாக மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்கள்.

என் கணக்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பாறைக்கும் பறவைக்கும் சரியான காலம். அருவிதான் முக்கியம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் செய்தியில் அணை நீர்மட்டம் பாருங்கள். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இரண்டும் நிறையும் தறுவாயில் இருந்து, உபரி நீர் திறப்பு என்று அறிவிப்பு வந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். இது தெரியாமல் வேனில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு.

காளிகேசம்னு ரீல்ஸ்ல பார்த்தோம். என்ன இடம் அது?

கீரிப்பாறையைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடிவருகிற ஒரு ஆறு, கரையில் காளி கோயில், ஆறு முழுக்க உருண்டைப் பாறைகள். சின்னது யானைக்குட்டி அளவு, பெரியது வீட்டளவு. ஆற்றில் உருண்டு உருண்டு தேய்ந்த கல், வெயில் பட்டால் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் கட்டணம் கட்டி உள்ளே விடுவார்கள். கனமழை என்றால் விடமாட்டார்கள். சாயங்காலம் ஆவதற்குள் வெளியே வந்துவிடவேண்டும்.

போகிற வழியே பாதி சுகம். தடிக்காரன்கோணம் தாண்டியதும் ரப்பர்த் தோட்டம் ஆரம்பிக்கும், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் அது. மரத்தில் கொட்டாங்குச்சி அளவு கிண்ணம் கட்டியிருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தாத விருந்தாளி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. போன் சிக்னல் அங்கேயே விட்டுப்போகும், வீட்டுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

தண்ணி முழங்கால் அளவுதான் இருக்கு. குளிச்சா என்ன?

முழங்கால் அளவு என்பது இந்த நிமிஷத்துக் கணக்கு. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் மொத்தமாக இறங்கும். இதை மலைவெள்ளம் என்போம். கல்லூரி படிக்கும்போது நாங்கள் ஆறு பேர் ஒரு பாறையில் உட்கார்ந்து கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் தின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் கலங்கியது, சருகு நிறைய மிதந்து வந்தது. கூட இருந்த கீரிப்பாறைப் பையன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கரைக்கு ஓடினான். அவன் ஓடுகிறானே என்று நாங்களும் ஓடினோம். சோற்றுப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பிப் பார்த்தபோது பாத்திரம் இல்லை, பாறையும் இல்லை.

ஆகவே தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென அதிகமானாலோ, இரைச்சல் கூடினாலோ கேள்வி கேட்காமல் கரை ஏறுங்கள். ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் நடுத்திட்டில் உட்காரவே கூடாது. குளித்தே ஆகவேண்டும் என்றால் திற்பரப்பு இருக்கிறது. கோதையாறு ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது, கம்பி போட்டிருக்கிறார்கள், பாதுகாப்பு ஆள் உண்டு.

அட்டை கடிக்குமாமே, பயமா இருக்கு.

கடிக்கும். வலிக்காது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சாற்றை விட்டுவிட்டுக் குடிக்கும், அதனால் அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். பிடுங்கி இழுக்காதீர்கள். உப்போ சுண்ணாம்போ புகையிலைத் தண்ணீரோ பட்டால் தானே விழும். சாக்ஸுக்குள் பேன்ட்டைச் சொருகிக்கொள்ளுங்கள். ஜனவரிக்கு மேல் காய்ந்த நாட்களில் தொல்லை குறைவு.

எனக்குப் பாறை, குன்று இதெல்லாம்தான் பிடிக்கும். எங்க போகலாம்?

இந்தக் கேள்வி கேட்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். காட்டுக்குள் போகாமலே பார்க்கக்கூடியது இது, அனுமதித் தொல்லையும் குறைவு.

முதலில் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம். திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். கல் பாவிய பாதையில் முந்திரி மரத்து நிழலில் ஏறினால், உச்சியில் பெரிய பாறை ஒன்று இன்னொன்றின் மேல் கவிந்து நிற்கும். அதன் அடியில் குகைக்கோயில், பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். 9-ம் நூற்றாண்டில் சமணர்கள் தங்கிப் படித்த இடம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இங்கே பொன்னணி கொடுத்ததாகக் கல்வெட்டு உண்டு. குரத்தி என்றால் பெண் குரு. பிறகு பகவதி கோயில் ஆனது. மேலே ஒரு குளம், அதன் ஓரத்தில் நின்றால் கீழே தென்னையும் ஆறும் தூரத்தில் மலை வரிசையும் தெரியும். மத்தியானம் போகாதீர்கள், பாறை சுடும்.

அடுத்தது மருந்துவாழ் மலை, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று கதை. ஸ்ரீ நாராயண குரு பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்த மலை. பாதி வரை படி, அப்புறம் பாறைமேல் கை ஊன்றி ஏறவேண்டும். உச்சியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், குளம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றாலைகள். காற்று ஆளைத் தள்ளும். இங்கே குரங்கு அதிகம். போன முறை என் பொரிகடலைப் பையை ஒன்று பிடுங்கி, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றது.

கடல் பாறை வேண்டும் என்றால் முட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கறுத்த பாறைகள், பக்கத்தில் செம்மண் மேடு. சாயங்காலம் போங்கள், ஈரமான பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். அங்கே அலை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது.

இது எரிமலைப் பாறையா? கறுப்பா இருக்கே.

இல்லை. நாகர்கோவில் பக்கத்துப் பாறையில் பெரும்பகுதி சார்னோக்கைட். நிலத்துக்கு வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய கல். சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒட்டிக்கிடந்த காலத்தில் கடைசியாக வெந்தது. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இதற்குச் சொந்தக்காரப் பாறைகள் இருப்பது அதனால்தான். பெயர் வந்த கதை வேடிக்கை. கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் சென்னைப் பரங்கிமலைப் பாறை. அதை ஆராய்ந்து அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள்.

இந்தக் கல் கெட்டி. அதனாலேயே குவாரிக்காரர்களுக்கும் பிடிக்கிறது. மலைப்பக்கம் வரும் வழியில் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக எதிரே வரும். சின்ன வயதில் நான் பார்த்த இரண்டு குன்றுகள் இப்போது பள்ளமாக இருக்கின்றன.

பறவை பார்க்க ஆசை. காட்டுக்குள்ளதான் போணுமா?

வேண்டாம். சுசீந்திரம் போங்கள், அங்கிருந்து தேரூர், மணக்குடி. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தை 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து, நீலத் தாழைக்கோழி, மீசை ஆலா என்று ஒரு காலையில் முப்பது வகை எழுதலாம். புத்தளம் உப்பளத்தில் சில வருஷம் பூநாரை இறங்கும். தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்பதால், குளத்தைப் பார்த்து முடித்ததும் அவர் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டச் சொல்லி என் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்களையும் கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. பேச்சிப்பாறை அணைக்கரை வரை வண்டி போகும். 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த திருவிதாங்கூர் காலத்து அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சின், எங்கள் ஊர் வாயில் மூக்கன் துரை, அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். மாத்தூர் தொட்டிப்பாலமும் பார்க்கலாம். 115 அடி உயரம், பள்ளத்தாக்கைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோவதற்காக 1966-ல் கட்டியது. மேலே நடக்கிற வழி சமதரை, ஆனால் குறுகல். உயரத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் நுழைவாயிலோடு நின்றுகொள்ளட்டும். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையும் நிழலாக இருக்கும், உள்ளே திருவிதாங்கூர்ப் படைத் தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை. சிதறாலும் மருந்துவாழ் மலையும் அவர்களுக்கு வேண்டாம்.

எங்க தங்கறது, என்ன சாப்பிடறது?

நாகர்கோவிலில் எல்லா விலைக்கும் லாட்ஜ் உண்டு. குலசேகரம், மார்த்தாண்டத்திலும் உண்டு. மலைக்குள் இரவு தங்குவதைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கப்பைக் கிழங்கும் மீன்கறியும், ரசவடை, ஏத்தம்பழ பஜ்ஜி. மட்டிப்பழம் கட்டாயம் வாங்குங்கள். விரல் நீளம்தான், வாசனை ஊரைக் கூட்டும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

டிரெக்கிங் போகலாமா?

போகலாம், அனுமதி பெற்ற வழியில் மட்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் இருபதுக்கும் மேல் இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்ற வழிகளை இணையத்தில் பதிவு செய்கிற முறையைக் கொண்டுவந்தது. குமரி மாவட்ட வழிகளும் அதில் உண்டு. வழிகாட்டி கூடவே வருவார், பெரும்பாலும் அந்த மலைக்காரராகவே இருப்பார். கோடையில் மூடியிருக்கும் என்று மேலே மாசம் பற்றிய பதிலில் சொன்னதை நினைவில் வையுங்கள்.

மேல் கோதையாறு போகணும். பேச்சிப்பாறையிலேர்ந்து எத்தனை கிலோமீட்டர்?

வரைபடத்தில் பக்கம், சாலையில் தூரம். கீழ்க் கோதையாற்றிலிருந்து மேலே போக மின்வாரியத்தாரின் வின்ச் (கம்பிவடத்தில் இழுக்கிற வண்டி) மட்டும்தான், பொதுமக்களுக்கு இல்லை. சாலை வழி என்றால் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போய், மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சுற்றி வரவேண்டும். அது புலிகள் காப்பகம் வழி, அனுமதி அங்கே வாங்கவேண்டும். ஒரு நாளில் எங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அரிக்கொம்பனை அங்கதானே விட்டாங்க? இறங்கி வந்திருமா?

ஆமாம், அரிசி தேடி வீடும் கடையும் உடைத்ததால் அந்தப் பெயர் பெற்ற யானையை 2023 ஜூனில் கம்பம் பக்கத்தில் பிடித்து மேல் கோதையாறு, முத்துக்குளிவயல் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வாரம் இங்கே டீக்கடை முழுக்க அதே பேச்சு. "அரிசி மூட்டையை உள்ளே வை" என்று கிழவிகள் சொன்னது வேடிக்கையும்தான், நியாயமும்தான். கழுத்தில் ரேடியோ காலரோடுதான் விட்டார்கள், வனத்துறை கண்காணித்தது. சுற்றுலா வருகிறவர்கள் அதை நினைத்துப் பயப்படவும் வேண்டாம், தேடவும் வேண்டாம். யானை இங்கே புதிதாக வந்த விருந்தாளி அல்ல. 2022-ல் கன்னியாகுமரி, திருநெல்வேலி காடுகளைச் சேர்த்து 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவித்ததே இங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டங்களுக்காகத்தான்.

வழியில யானை நின்னா என்ன செய்யறது?

தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், முன்விளக்கைப் பளிச்சென்று அடிக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். அது போக வழி விட்டு மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டி கூட இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை. நமக்குத் தெரிந்த குட்டிக்குப் பின்னால் தெரியாத நாலு பேர் நிற்பார்கள். செல்ஃபிக்காகக் கதவைத் திறக்கிற ஆள் காரில் இருந்தால் சைல்ட் லாக் போடுங்கள், வயது எத்தனை ஆனாலும்.

புலி ரப்பர்த் தோட்டத்துக்கு வந்துச்சுன்னு செய்தி பார்த்தோமே?

வந்தது. 2023-ல் சிற்றாறுப் பக்கம் தோட்டக் குடியிருப்பில் ஆடு மாடுகளை அடித்தது. அந்த நாட்களில் விடியுமுன் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கும்பலாகத்தான் போனார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாகக் குனிகிற வேலை அது. உங்களுக்கு ஒரு நாள் சுற்றுலா, அவர்களுக்குத் தினமும். நீங்கள் செய்யவேண்டியது: விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் தோட்டத்துக்குள் நடக்காதீர்கள்.

பாம்பு கடிச்சா?

கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனை. பெரிய வசதி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் பொதுவாகக் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கானது. எங்கள் காட்டில் ராஜநாகம் இருக்கிறது, அது அந்த நான்கில் இல்லை. ஆகவே சருகுக்குள் கையை விடாமல் இருப்பதுதான் மருந்து. சிக்னல் இல்லாத இடம் என்று காளிகேசத்தைப் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

காணிக்காரங்க குடியிருப்பைப் பார்க்கணும், போட்டோ எடுக்கணும்.

ஏன்? இதைக் கேட்டால் பலரும் திணறுகிறார்கள். உங்கள் தெருவில் பத்துப் பேர் கேமராவோடு வந்து அடுப்படியை எட்டிப்பார்த்தால் எப்படி இருக்கும்? பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் சில குடியிருப்புகளுக்கு இன்றும் படகில்தான் போகவேண்டும், ரேஷன் அரிசியும் கர்ப்பிணியும் அந்தப் படகில்தான். அவர்களில் யாராவது உங்களை அழைத்தால் போங்கள். மலைத்தேன், மிளகு, கிழங்கு விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மலையில மூலிகை பறிச்சுட்டு வரலாமா? மருந்துவாழ் மலைன்னே பேரு இருக்கே.

பேர் இருக்கிறது, பறிக்க உரிமை இல்லை. சரணாலயத்துக்குள் இலை பறிப்பதும் குற்றம். அகத்தியமலைக் காட்டில் காணிக்காரர்கள் களைப்புத் தீரத் தின்கிற ஆரோக்கியப்பச்சை என்ற செடியை வைத்துக் கேரளத்துப் பாலோடு தாவரவியல் நிறுவனம் மருந்து செய்தது. வருமானத்தில் காணிகளுக்குப் பங்கு கொடுத்ததால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்கப்புறம் நடந்தது என்னவென்றால், பெயர் கேள்விப்பட்டவனெல்லாம் செடியை வேரோடு பிடுங்கக் கிளம்பினான்.

தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பர்மிஷன் இல்லாம உள்ள கூட்டிட்டுப் போறேங்கிறார். எஸ்டேட் வழியா போனா யாரும் கேட்கமாட்டாங்களாமே?

இதுதான் எனக்கு வருகிற கேள்விகளில் மோசமானது, அடிக்கடி வருவதும்கூட. எஸ்டேட் தனியார் இடமாக இருக்கலாம், அதற்குப் போகிற வழி காடு. பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரில், கூட்டிப்போனவர் அன்றைக்கு ஊரிலேயே இருக்கமாட்டார். என் உறவினர் ஒருவர் இப்படிப் போய், அபராதம் கட்டி, வண்டியை மீட்கப் பல நாள் அலைந்தார். போட்ட படத்தை அவரே இணையத்தில் ஏற்றியதுதான் சாட்சி.

டிரோன் பறக்கவிடலாமா?

சரணாலயத்தில் கூடாது. மகேந்திரகிரியில் இஸ்ரோ நிலையமும் பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளமும் இருக்கிற வட்டாரம் என்பதால் வெளியிலும் கேட்டுவிட்டுத்தான்.

ரப்பர் பால் துணியில பட்டா போகுமா?

போகாது. மண்ணெண்ணெய், எலுமிச்சை, ஐஸ்கட்டி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. என் மனைவி இப்போது விருந்தாளிகளிடம் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுகிறாள்: பழைய சட்டை எடுத்துட்டு வந்திருக்கீங்களா?